மார்பை முழுசா எடுக்கணுமா, கட்டியை மட்டும் எடுத்தா போதுமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 48 வயது. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். ஆவணிக் கடைசியில் குளிக்கும்போது இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. சேலத்தில் மேமோகிராம், ஸ்கேன், ஊசி பயாப்சி எல்லாம் எடுத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கட்டி 1.8 செ.மீ., அக்குளில் நெறிக்கட்டு தெரியவில்லை, ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் கிரேடு 2, ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 என்ற இடத்தில் 2 பிளஸ் என்று இருக்கிறது. ஒரு டாக்டர் மார்பை முழுசாக எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்கிறார். என் வீட்டுக்காரர் சென்னைக்கே போய்விடலாம் என்கிறார். மாமியார், கத்தி பட்டால் பரவிவிடும், கஞ்சமலைப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்கிறார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அது முடிந்து பார்த்துக்கொள்ளலாமா? கீமோ கட்டாயம் வேண்டுமா? மகளுக்கும் இது வருமா? ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்:

தங்கச்சி, உங்களைப் பார்த்த டாக்டர்கள் இரண்டு பேரும் சொன்னது சரிதான். குழப்பமே அதனால்தான். ஒருவர் சரி, ஒருவர் தப்பு என்றிருந்தால் மூன்றாவதாக யாரிடமாவது கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு வழியும் சரியான வழி, இரண்டிலும் உயிருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றுதான், எந்த வழியில் போவது என்பதில் உங்கள் விருப்பத்துக்கும் இடம் இருக்கிறது. இதை யாரும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லவில்லை என்று உங்கள் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முழுசாக எடுத்துவிட்டால் பிழைப்பது நிச்சயம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் மார்பு, அதற்கு அடியில் இருக்கிற தசை, அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் சேர்த்து வழித்தெடுக்கும் ஆபரேஷனைப் பரப்பினார். அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு அதுதான் வழக்கம். 1970-களில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரொனேசியும் தனித்தனியாக அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபிஷருடைய ஆய்வில் 1,851 பெண்கள். ஒரு பகுதியினருக்கு மார்பு முழுவதும் எடுக்கப்பட்டது, ஒரு பகுதியினருக்குக் கட்டி மட்டும், இன்னொரு பகுதியினருக்குக் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. 20 வருஷம் கழித்து 2002-இல் கணக்குப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமே இல்லை. வெரொனேசியின் 20 வருஷக் கணக்கும் அதே ஆண்டில் வந்தது, அதே முடிவு. ஆனால் ஃபிஷரின் கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை நன்றாக மனதில் வையுங்கள்: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்ப வந்தது, எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு. இன்றைய மாத்திரை மருந்துகளோடு அந்த 14 இன்னும் குறைந்திருக்கிறது. ஆக, உங்கள் வயதில் கட்டியை மட்டும் எடுப்பது என்று முடிவெடுத்தால் கதிர்வீச்சும் அதோடு சேர்ந்ததுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, அது எதற்கு என்று பாதியில் விட முடியாது.

மார்பு முழுவதையும் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும் நிலைமைகள் உண்டு. ஒரே மார்பில் வேறுவேறு இடங்களில் கட்டி இருப்பது, மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் மார்பு முழுக்கச் சிதறிக் கிடப்பது, மார்பின் அளவுக்குக் கட்டி பெரிதாக இருப்பது, முன்பே அந்த இடத்தில் கதிர்வீச்சு எடுத்திருப்பது, இப்படி. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. முழுசாக எடுக்கச் சொன்ன டாக்டரிடம், "என் மேமோகிராமில் இதற்குத் தனியாக ஏதாவது காரணம் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள். இருந்தால் படத்தை வைத்துக் காட்டுவார். இல்லை, பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னால், பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றுதான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான் என்ன சொல்வேன் என்றால், உங்கள் ரிப்போர்ட்டுக்குக் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதே போதும். ஆனால் நீங்கள் மலைமேல் இருக்கிறீர்கள், அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கதிர்வீச்சு என்பது வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம், 15 தடவை. உங்கள் வயதுக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் நான்கைந்து நாள் கூடுதலாகவும் கொடுப்பார்கள். ஒரே வாரத்தில் ஐந்தே தடவையில் முடிக்கும் முறை 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு பல இடங்களில் வந்திருக்கிறது, உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். மெஷினில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான், சுடாது, வலிக்காது. ஆனால் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த வளைவில் மண் சரிந்து பஸ்ஸை நிறுத்துவார்களோ என்று பயந்துகொண்டு போய்வருவது நடக்கிற காரியமில்லை. சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அந்த மூன்று நாலு வாரம் அங்கேயே தங்கிவிடுங்கள். கதிர்வீச்சு எடுக்கும் இடம் ஈரோடோ கோவையோ என்றாலும் இதே ஏற்பாடுதான்.

அப்படித் தங்க வழியே இல்லை, தினமும் போய்வரவும் முடியாது என்றால் முழுசாக எடுத்துக்கொள்வதும் நல்ல முடிவுதான், அதில் எந்தக் குறையும் இல்லை. சில வருஷம் முன்னால் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் பழம் பறிக்கிற சீசன் போனா வருஷமே போச்சுங்க, முழுசா எடுத்துருங்க" என்றார். தெளிவாக யோசித்து எடுத்த முடிவு. இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், ஜாக்கெட்டுக்குள் பஞ்சுப் பொதி வைத்துத் தைத்துக்கொள்கிறார். விருப்பப்பட்டால் சிலிக்கான் மார்பு வாங்கிக்கொள்ளலாம், அதே ஆபரேஷனிலோ பிறகோ மார்பைத் திரும்ப உருவாக்கவும் முடியும். ஒன்று மட்டும் கவனம்: முழுசாக எடுத்தாலும், நெறியில் நோய் இருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம். கதிர்வீச்சே வேண்டாம் என்பதற்காக மட்டும் எடுப்பதாக இருந்தால் இதையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கட்டியை மட்டும் எடுக்கும்போது, எடுத்த சதையின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசித்தான் பத்தாலஜிஸ்ட் மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அந்த மை பட்ட ஓரத்தில் புற்று அணு இல்லை என்றால் சுத்தமாக எடுத்தாயிற்று என்று அர்த்தம். சிலருக்கு ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும், அப்போது இன்னொரு சின்ன ஆபரேஷன் வரும். அப்படிச் சொன்னால் டாக்டர் தப்புப் பண்ணிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், கையால் தடவிப் பார்த்து அணுவைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

அடுத்தது அக்குள். இதை உங்களிடம் யாரும் பேசவே இல்லை போலிருக்கிறது, ஆனால் பின்னால் அதிகம் கஷ்டப்படுத்துவது இதுதான். முன்பெல்லாம் எல்லோருக்கும் அக்குள் நெறிகளை மொத்தமாக எடுப்பார்கள், அதனால் பலருக்குக் கை யானைக்கால் மாதிரி வீங்கி வாழ்நாள் முழுக்கத் தொல்லை. உங்களைப்போல ஸ்கேனில் நெறி சாதாரணமாக இருப்பவர்களுக்கு இப்போது அது தேவையில்லை. மார்பிலிருந்து வடியும் நீர் முதலில் போய்ச்சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் நீலச்சாயமோ வேறு மருந்தோ செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பார்கள், சென்டினல் நோட் என்று பெயர். அதில் நோய் இல்லை என்றால் மீதி நெறிகளைத் தொட வேண்டியதில்லை. ஒன்றிரண்டில் இருந்தால்கூட, கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் எடுப்பவர்களில் பலருக்கு மீதியை விட்டுவிடலாம். "எனக்குச் சென்டினல் நோட் பார்ப்பீர்களா, இல்லை மொத்தமாக எடுப்பீர்களா?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். சாயம் போட்டால் அடுத்த ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. ஹெர்-2 என்ற இடத்தில் 2 பிளஸ். ஹெர்-2 என்பது புற்று அணுவை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம். 2 பிளஸ் என்பது இரண்டுங்கெட்டான் பதில். 0, 1 பிளஸ் என்றால் இல்லை, 3 பிளஸ் என்றால் இருக்கிறது, 2 பிளஸ் என்றால் இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள். ஃபிஷ் என்று இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். புதிதாக ஊசி குத்த வேண்டாம், பயாப்சியில் எடுத்த அதே சதையிலேயே செய்யலாம். அந்தச் சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக லேபில் வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். அது உங்களுடையது, எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஃபிஷ் ரிசல்ட் கையில் வராமல் ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் பதில் எப்படி வருகிறதோ அதைப் பொறுத்து மருந்தே மாறும். பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். பாசிட்டிவ் என்று வந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்தை ஒரு வருஷம் போட வேண்டும், கூடவே கீமோவும் உண்டு, இதயத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். இருபத்தைந்து முப்பது வருஷம் முன்னால் ஹெர்-2 பாசிட்டிவ் என்றாலே எங்களுக்கெல்லாம் முகம் வாடிவிடும். அந்த மருந்து வந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. நம் நாட்டிலேயே தயாராவதால் விலையும் முன்பைவிட இறங்கியிருக்கிறது.

பிளாக் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. ஒரு சின்ன மருத்துவமனையில் சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று மார்புக் கட்டியை எடுத்து, பரிசோதனைக்கே அனுப்பாமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் பெரிதாக வளர்ந்து என்னிடம் வந்தார். முதலில் என்ன இருந்தது, எந்த வகை, எதுவும் தெரியாது. அன்றைக்கு அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஊசி பயாப்சியை முதலிலேயே செய்தது மிக நல்ல காரியம். இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலிருந்து எடுத்த எந்தக் கட்டியும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கீமோ கட்டாயமா என்று கேட்டீர்கள். ஃபிஷ் நெகட்டிவ், நெறியும் சுத்தம் என்று வந்தால் கட்டாயமில்லை. ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால் உங்கள் கட்டி ஹார்மோனைத் தின்று வளரும் வகை என்று அர்த்தம். கிரேடு 2, அதாவது வேகத்தில் நடுத்தரம், இரண்டு சென்டிமீட்டருக்குள். இப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு மேல் கீமோவால் கிடைக்கும் கூடுதல் நன்மை, 100 பேரை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேருக்குத்தான். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று பார்க்க மரபணுப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆன்கோடைப் டி.எக்ஸ். என்பது 21 மரபணுக்களைப் பார்க்கும், 10,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு ஒன்று 2018-இல் வந்து, பலருக்குக் கீமோ தேவையில்லை என்று காட்டியது. ஆனால் சதையை அமெரிக்கா அனுப்ப வேண்டும், செலவு லட்சக்கணக்கில். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் என்ற பரிசோதனை அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. உங்களுக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்று நினைக்கிறேன், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த எண்களைப் பார்த்து முடிவெடுப்பது கொஞ்சம் நுணுக்கமான வேலை, அதனால் ஆபரேஷன் ரிப்போர்ட் வந்ததும் கீமோ டாக்டரிடம், "கீமோ எடுத்தால் எனக்கு எத்தனை சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்?" என்றே கேளுங்கள். அவர்களால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். பரிசோதனைக்குப் பணம் இல்லை என்பதற்காக யாரும் கூசவும் வேண்டாம், கடன் வாங்கவும் வேண்டாம். கட்டியின் அளவு, கிரேடு, அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கே.ஐ.-67 எண், நெறி இவற்றை வைத்தே பெரும்பாலும் நல்ல முடிவு எடுத்துவிடலாம்.

கீமோ வேண்டும் என்று வந்தாலும் அது நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. முடி கொட்டும், முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கொத்தாகக் கிடக்கும், முடிந்ததும் வளர்ந்துவிடும். வாந்திக்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. காய்ச்சலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்க்கலாம் என்பதும் கூடாது, அந்த ராத்திரியே மலை இறங்கிவிட வேண்டும். ஆகவே கீமோ காலத்தில் ஒரு தெர்மாமீட்டரும் கூப்பிட்ட உடனே வரும் ஒரு வண்டிக்காரர் நம்பரும் வீட்டில் இருக்கட்டும்.

உங்களுக்கு நிச்சயமாகத் தேவைப்படப்போவது மாத்திரைதான். டமாக்சிஃபென், 20 மில்லிகிராம், தினம் ஒன்று, குறைந்தது 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். சில ரூபாய் மாத்திரை என்பதால் மக்கள் இதை மதிப்பதில்லை, ஆபரேஷனும் கதிர்வீச்சும்தான் வைத்தியம், இது ஏதோ சத்து மாத்திரை என்று ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் வகைப் புற்றுக்கு இதுதான் பெரிய ஆயுதம். 5 வருஷம் சாப்பிட்டவர்களுக்கு 15 வருஷக் கணக்கில் மார்பகப் புற்றால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. திடீர் திடீரென்று உடம்பில் அனல் அடிக்கும், ஏற்காட்டுக் குளிரிலும் ராத்திரி ஸ்வெட்டரைக் கழற்றி எறியத் தோன்றும், வெள்ளைப்படுதல் இருக்கலாம். கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, மாதவிடாய் நின்றபிறகு ரத்தம் பட்டாலோ உடனே காட்டுங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் ஆகக் கூடாது, மாதவிடாய் தள்ளித்தள்ளி வருகிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். மாதவிடாய் முழுசாக நின்றபிறகு லெட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள், அப்போது எலும்பின் பலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் சொல்வதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. கத்தி பட்டால் பரவும் என்று அவர் சொல்வதற்கு அவர் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அந்தக் காலத்தில் முற்றிப்போய்த்தான் ஆபரேஷனுக்கு வந்தார்கள், கொஞ்ச நாளில் இறந்தார்கள், பழி கத்திக்கு விழுந்தது. பயாப்சி ஊசியாலோ ஆபரேஷனாலோ நோய் பரவுவதில்லை. முறையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2018-இல் ஓர் ஆய்வு வந்தது, அதில் மார்பகப் புற்று இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. கஞ்சமலைக்குப் போய்ச் சித்தரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், மனதுக்கு நல்லது. மருந்து மட்டும் இந்தச் சிகிச்சை முடிகிறவரை எங்களைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். பஸ்பம், செந்தூரம், சூரணம் எதுவாக இருந்தாலும் ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். முடிந்தால் அடுத்த தடவை மாமியாரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன், நேரில் கேட்டுவிட்டால் பிறகு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவதே அவர்கள்தான்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட வேண்டாம். கல்யாணத்தையும் வேண்டாம், ஆபரேஷனையும் வேண்டாம். இப்போது ஐப்பசி. ஃபிஷ் ரிசல்ட் வாங்க, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க, வீட்டில் பேச என்று இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் கெடுதல் இல்லை, இது நாளைக்கே வெட்டி எடுக்க வேண்டிய அவசரம் அல்ல. ஆனால் தை முடியட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிடும். ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம், இருக்கிற அபாயத்தின் மேல் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய அலசல் சொல்கிறது. கார்த்திகை முதல் வாரத்துக்குள் ஆபரேஷன் முடிந்தால், கட்டியை மட்டும் எடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள்தான் ஆஸ்பத்திரி, தைக்குள் காயம் நன்றாக ஆறிவிடும். கீமோ இல்லை என்றால் கதிர்வீச்சைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடக்கூட நேரம் இருக்கிறது. கீமோ வந்தால் கல்யாணத் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்றால் மூன்றாவது வாரத்தில் ரத்த அணுக்கள் ஏறி உடம்பு தெம்பாக இருக்கும், முகூர்த்தம் அந்த வாரத்தில் வருகிற மாதிரி திட்டமிடுவார்கள். கதிர்வீச்சு எடுத்த தோலில் மட்டும் நலங்கு மஞ்சளும் சந்தனமும் பூச வேண்டாம், கொஞ்ச நாளைக்கு அந்தத் தோல் வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கும்.

மகளுக்கும் வருமா என்ற கேள்விக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மார்பகப் புற்று தொற்றாது. பரம்பரையாக ஒரே மரபணுவால் வருவது 100-இல் 5 முதல் 10 பேருக்குத்தான். ஆனாலும் 50 வயதுக்கு முன்பே உங்களுக்கு வந்திருப்பதால் அந்தப் பரம்பரை மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை பற்றிக் கேளுங்கள், முதலில் உங்களுக்குத்தான் செய்ய வேண்டும், உங்களுக்கு இல்லை என்றால் மகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மகளிடம் மறைக்காதீர்கள், தங்கச்சி. அவள் 20 வயதைத் தாண்டிய பெண், தன் அம்மாவுக்கு என்ன என்பதைக் கல்யாண மண்டபத்தில் அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, யார் சொல்வது என்பதை அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

சென்னைக்குப் போவதா என்றால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கியது, அங்கே ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்பது நல்லதுதான். ஆபரேஷன் ஓர் ஊரில், கீமோ ஓர் ஊரில், கதிர்வீச்சு வேறோர் ஊரில் என்று சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்ஜன், கீமோ டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் மூன்று பேரும் உங்கள் ஃபைலைச் சேர்ந்து பார்த்துப் பேசுகிற இடமாக இருக்க வேண்டும், அது எந்த ஊரானாலும் சரி. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ஆதார் எடுத்துக்கொண்டு சேலம் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே இந்த வேலை முடிய வேண்டும், பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் போய்க் கேட்கலாம். ஆரம்ப நிலைக்கு உடம்பில் வேறு தொந்தரவு இல்லாதபோது, நோய் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை, யாராவது எழுதிக் கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள், அந்தப் பணம் மிச்சமாகும்.

இன்னொன்றும் சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷனுக்குச் சில நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி மருந்தைப் போடுவதால் நோய் திரும்புவது குறைகிறது என்று மும்பை டாடா மருத்துவமனை 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். 5 வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 86 சதவீதத்திலிருந்து 90 ஆக உயர்ந்தார்கள். ஓர் ஆய்வுதான், எல்லா சர்ஜன்களும் இன்னும் செய்வதில்லை, ஆனால் மருந்து விலை மிகக் குறைவு, கேட்பதில் நஷ்டம் இல்லை.

ஆபரேஷன் அன்று தாலியைக் கழற்றச் சொல்வார்கள். தியேட்டர் வாசலில் அதற்காகவே அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நோய்க்குக்கூட அப்படி அழவில்லை. முந்தின நாளே வீட்டில் மாமியார் கையாலேயே கழற்றி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து உங்கள் வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். கதிர்வீச்சு நாட்களிலும் சங்கிலி கழுத்தில் தொங்கக் கூடாது. இடது பக்கம் என்பதால் இதயத்தில் கதிர் படாமல் இருக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், வீட்டிலேயே இருபது எண்ணும்வரை பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கையை மட்டும் முடக்கிப் போடாதீர்கள். அம்மாபேட்டையில் தறி நெய்கிற ஓர் அம்மா, ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்ன நாளிலிருந்து சுவரைப் பார்த்து நின்று விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏற்றி, எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்தார். முதல் கோடு மூக்கு உயரத்தில். தினம் ஒரு விரற்கடை, சில நாள் ஏறவே இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தச் சுவரை போனில் படம் எடுத்து வந்து காட்டினார், கடைசிக் கோடு சுவிட்ச் போர்டுக்கு மேலே போய்விட்டிருந்தது. அங்கன்வாடியில் குழந்தைகளைத் தூக்குவதற்கு மட்டும் ஒன்றரை மாதமாவது விடுப்பு எடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, நாளைக்குப் பயாப்சி செய்த லேபுக்குப் போன் செய்து பிளாக் இருக்கிறதா என்று கேட்பது. வலது மார்புக்கும் மேமோகிராம் எடுத்திருக்கிறார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். ஃபிஷ் ரிசல்ட் வந்ததும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பதில் போடுகிறேன்.